ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம்

என் முப்பத்திரண்டாவது வயதில் பதினான்கு வாரம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஏமாற்றவும் இல்லை. கே.கே. நகரில் நான் போய்க்கொண்டிருந்த ஜிம்மில், ஞாயிறும் புதனும், உடை மாற்றும் அறையில் வைத்து மாஸ்டர் போட்டுவிடுவார். நான் சுவரில் கையை ஊன்றி நிற்பேன். இரண்டு நிமிட வேலை. எண்ணெய் மருந்து என்பதால் அடுத்த நாள் மாடிப்படி ஏறும்போது இடுப்பு கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

திருவெறும்பூரில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் இருக்கிறதா, அளவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த ஊர் முசிறிப் பக்கம். வீட்டில் வாழை விவசாயம். அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கே.கே. நகரிலேயே ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம்.

ஊசி போட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு வருஷமாக என் எடை அறுபத்தெட்டிலேயே நின்றிருந்தது. மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனிதர், எல்லாரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவர், "உங்க உடம்பு இயற்கையா இவ்வளவுதான் தம்பி வரும். இதுக்கு மேல வேணும்னா ஒரு சைக்கிள் போடணும்" என்றார். இத்தனை வாரம் போட்டு, இத்தனை வாரம் நிறுத்துவதைத்தான் ஜிம்மில் சைக்கிள் என்பார்கள். நான் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றேன். வீட்டில் கேட்டபோது பி காம்ப்ளெக்ஸ் ஊசி என்று சொன்னேன். மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை.

எடை எண்பதைத் தொட்டது. சட்டைக் கைகள் இறுகின. மாவட்ட அளவில் ஒரு ஆணழகன் போட்டிக்குப் போய் நாலாவது இடம் வந்தேன். கம்பெனியில் வெல்டர்கள் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

போட்டி முடிந்ததும் ஊசியை நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் வேலை நேரத்தில் தூக்கம் வந்தது. அளவு எடுக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கண் சொருகினேன். கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கும்போது பாதிப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தலைமுடி சீப்பில் கொத்தாக வந்தது. காரணமே இல்லாமல் கண் கலங்கும். டீக்கடையில் யாரோ ஒருவர் தன் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு நான் அழுதேன் என்றால் இப்போது நம்ப முடியவில்லை. மனைவியின் பக்கத்தில் போகவே தோன்றவில்லை. அவள் முதலில் என் உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தாள். அப்புறம் தன்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைக்க ஆரம்பித்தாள்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, இதைச் சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும், வரவில்லையென்றால் அடுத்த சைக்கிளைச் சீக்கிரம் ஆரம்பித்துவிடலாம் என்றார். அட்டையில் மருந்தின் பெயர் பாதி அழிந்திருந்தது. நான் அதைச் சாப்பிடவில்லை. பயம்தான் காரணம்.

ரத்தம் பார்க்கலாம் என்று முடிவு செய்தபோது கே.கே. நகர் லேப் எதற்கும் போக மனம் வரவில்லை. தெரிந்த முகம் யாராவது இருக்கும். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கி, ஒரு சந்தில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லேப்பில் நுழைந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தனியாக அதை நடத்திக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றில் வர வேண்டும், பிற்பகலில் இந்த ஹார்மோன் இறங்கிவிடும் என்று அவர்தான் சொன்னார். அடுத்த நாள் ஏழரை மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் நாமம் இட்ட பெரியவர்கள் நான்கைந்து பேர் சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் என் ரத்தம் ஏறுவதைப் பார்த்து அந்த லேப் அம்மா, "ரொம்பக் கெட்டியா இருக்கே சார், தண்ணி குடிக்கறதில்லையா?" என்று கேட்டார். குடிப்பதில்லை என்றேன்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் 42. பக்கத்திலேயே இயல்பான வரம்பு போட்டிருந்தது. கீழ் வரம்பு என்னுடையதைப் போல ஆறு மடங்குக்கு மேல். எல்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோன் கருவியால் அளக்கக்கூட முடியாத அளவுக்குக் குறைவு. அளவு தப்பினால் திருப்பி அனுப்புகிறவன் நான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். லேப் அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவரும் பெண்தான். தாளைப் பார்த்துவிட்டு, "ஊசியா, மாத்திரையா?" என்று நேரடியாகக் கேட்டார். எத்தனை வாரம், என்ன மருந்து என்று குறித்துக்கொண்டார். அவர் விளக்கியது இதுதான்: மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. விரைகளுக்கு வேலை செய் என்று எல்.ஹெச். மூலமாக உத்தரவு அனுப்புவது அதுதான். வெளியிலிருந்து ஊசியில் தாராளமாக ஹார்மோன் வந்ததும் அது உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஊசி நின்ற பிறகும் அது விழித்துக்கொள்ளவில்லை. விழிக்க ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம், சிலருக்கு முழுதாக விழிக்காமலும் போகலாம். இப்போதைக்கு எதுவும் போடாமல் பொறுத்திருக்க வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், விந்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். பொய்.

இங்கே நான் சொல்ல வெட்கப்படும் பகுதி வருகிறது. இதெல்லாம் நடப்பதற்கு முன்பிருந்தே என் அம்மா மனைவியிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் முசிறியிலிருந்து போன் வரும். மனைவி தானாகவே ஒரு மகப்பேறு டாக்டரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அந்த டாக்டர் முதலில் கணவருக்கு டெஸ்ட் எடுங்கள் என்றுதான் சொன்னார். நான் கம்பெனி மூலமாக எடுத்தாகிவிட்டது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் அவளுக்கு அடுத்த பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. என் 42 வந்து பத்து நாள் கழித்து அது நடந்தது. நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், ஆட்டோவில் வீடு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

அடுத்த வாரம் என் விந்துப் பரிசோதனை முடிவு வந்தது. அணுக்கள் எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு, தாளில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"எனக்கு எக்ஸ்ரே எடுத்தப்போ வெளில உக்காந்திருந்தீங்கல்ல, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. மீதித் துணியைக் காயப்போட்டு முடித்தாள். சாயங்காலம் ஒரு பையை எடுத்துக்கொண்டு லால்குடியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். காலாண்டு விடுமுறை என்பதால் பக்கத்து வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் திறக்கும் முந்தின நாள் திரும்பி வந்தாள். சமையல், வேலை எல்லாம் வழக்கம் போல நடந்தது. என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

இதற்கு நடுவில் ஆறு வாரம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 912 என்று வந்தது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். சரியாகிவிட்டது, நீயும் டாக்டரிடம் வா என்றேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அப்புறம் வருகிறேன் என்றாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். மனைவி பக்கத்தில் இருப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"திரும்ப ஊசி போட்டீங்களா?"

நான் இல்லை என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்.ஹெச். இன்னும் அளக்க முடியாத அளவில்தான் இருந்தது. உத்தரவே போகாமல் விரைகள் இவ்வளவு ஹார்மோனைச் சுரக்காது, இது வெளியிலிருந்து போனால்தான் இப்படி இருக்கும் என்றார். நான் சத்தியம் செய்தேன். அவர் கோபப்படவில்லை, பொய் சொன்னால் என்னால் உதவி செய்ய முடியாது, யோசித்துவிட்டு வாருங்கள் என்று தாளை மடித்துக் கொடுத்தார். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் அலமாரி, ஆபீஸ் பை, பைக் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. ஊசியோ மருந்துக் குப்பியோ கிடைக்கவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டப்பாவைத்தான் எடுத்துக்கொண்டாள். முடி கொட்டுகிறது என்று நான் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயோட்டின் மாத்திரை அது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் மட்டும் ஸ்ரீரங்கம் போயிருக்கிறாள். டப்பாவை லேப் அம்மாவிடம் காட்டி, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா டப்பாவைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாராம். இதில் ஸ்டீராய்டு எதுவும் இல்லை; ஆனால் ஹார்மோனை அளக்கும் கருவி வேலை செய்வதே இந்த பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் கருவி குழம்பிவிடும். டெஸ்டோஸ்டிரோனை இருப்பதைவிட அதிகமாகவும், எல்.ஹெச்.சை இருப்பதைவிடக் குறைவாகவும் காட்டும். ஒரு வாரம் இதை நிறுத்திவிட்டு உங்கள் வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள், நானே மறுபடி பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முதல் டெஸ்டின்போது நான் அந்த மாத்திரையை ஆரம்பித்திருக்கவில்லை.

ஒரு வாரம் நிறுத்தினேன். ரத்தம் கொடுத்தேன். இந்த முறை அவளும் கூட வந்து லேப் வாசலில் நின்றாள். டெஸ்டோஸ்டிரோன் 118 என்று வந்தது, எல்.ஹெச். 1.1. இரண்டுமே வரம்புக்குக் கீழேதான். எட்டில் ஒரு பங்காக இறங்கிய எண்ணைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் எல்லாத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, சுரப்பி கொஞ்சம் அசைய ஆரம்பித்திருக்கிறது என்றார். அப்புறம், "வேற மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களான்னு நான் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புதான்" என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் மனைவிக்கு நன்றி சொன்னேன். என்னை நம்பி அவ்வளவு தூரம் போனாயே என்றேன்.

"நம்பிப் போகலைங்க. பொய்தான்னு உறுதி பண்ணிக்கலாம்னுதான் போனேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உங்க அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். போன்ல இல்ல" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்த சனிக்கிழமை முசிறி பஸ் ஏறினேன். அம்மா கொல்லைப்புறத்தில் இலைக்கட்டுக்கு வாழை இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். குறை என் மனைவியிடம் இல்லை, என்னிடம்தான், நானாகத் தேடிக்கொண்டது என்று சொன்னேன். அம்மாவுக்கு ஹார்மோன் புரியவில்லை. ஊசி போட்டு உடம்பு ஏற்றியதை மட்டும் புரிந்துகொண்டாள்.

"தார் பெருக்கறதுக்கு மருந்து அடிப்பாங்களே, அந்த மாதிரியாடா?"

"அந்த மாதிரிதாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் இலையை அடுக்கினாள். அந்தப் பிள்ளையை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்குச் சாப்பாடு போட்டாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. அன்று சாயங்காலமே மனைவிக்குப் போன் செய்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் என்னிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வந்த வாரப் போன்களில் பள்ளிக்கூடம், சமையல், ஊரில் நடந்த கல்யாணம் என்றுதான் பேச்சு இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை விடிந்ததும் காவிரிப் பாலம் தாண்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு அருகில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். 164 வந்தது. அடுத்து 151, இறங்கியதைப் பார்த்து இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். அப்புறம் 210. இடையில் ஐந்து மாதம் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து நிறுத்தினார். நிறுத்திய பிறகும் எண் இறங்காமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார். நின்றது. எடை எழுபத்தொன்றுக்கு இறங்கியது. எடை ஏறியபோது தைத்த சட்டைகள் தோளில் தொங்கின. ஜிம்மை விடவில்லை. தூக்கும் எடையை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டு மாஸ்டர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

ஒருநாள் அவர் வெளியே எனக்காகக் காத்திருந்தார். நான் அவரைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்த லேப் எங்க தம்பி இருக்கு?" என்றார். பதினோரு வருஷமாக ஊசி போடுகிறவர், ஒருமுறைகூட ரத்தம் பார்த்ததில்லையாம். அந்த வெள்ளிக்கிழமை நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை பேருக்கு ஊசி போட்ட மனிதர், லேப் அம்மா கையில் ரப்பரைக் கட்டியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று என்னிடம் காட்டவில்லை. ஆனால் உடை மாற்றும் அறையில் ஊசி போடுவதை அதன் பிறகு நிறுத்திவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சிலர் அதனால் வேறு ஜிம்முக்குப் போனார்கள்.

ஊசியை நிறுத்திப் பதினாறு மாதம் ஆனபோது டெஸ்டோஸ்டிரோன் 402, எல்.ஹெச். 4.1. அணுக்களும் வந்திருந்தன, கீழ் வரம்பைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் போதும் என்றார் டாக்டர். இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று என் ஃபைலை மூடினார்.

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. இனி தடையொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான் மனைவியிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். அவள் தபால் வழியில் எம்.எட். சேர்ந்திருந்தாள், பரீட்சை முடியட்டும் என்றாள். அவளுக்கு என் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் ஏதாவது மாத்திரை வாங்கினால் அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறாள். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் அப்படித்தான், பாராசிட்டமாலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். நான் தண்ணீர் டம்ளரோடு காத்திருந்தேன்.